சுவரில் தேடாத பெயர்

மச்சாள்,

உங்கள் மண்ணிறக் கைப்பையை இன்றைக்குத்தான் திறந்தேன். ஆஸ்பத்திரிக்கு வேறு பை கொண்டுபோனோம் அல்லவா, இது உங்கள் கட்டிலின் கால்மாட்டில் கொழுவினபடியே கிடந்தது. சிப்பை இழுக்க, தைல வாசமும் கராம்பு வாசமும் முகத்தில் அடித்தன. குளிருக்குப் பஸ்ஸில் வாயில் போடுகிற கராம்பு அந்தச் சின்ன மருந்துப் போத்தலில் இன்னும் அரைவாசி இருந்தது. மடித்த கைலேஞ்சி இரண்டு, பாவித்து முடிந்த பஸ் கார்ட் ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, முனைகூட நசியாமல், அந்த அட்டை. ரைட்டானிக் கப்பல் அட்டை.

நேற்று உங்கள் அந்திரட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, முடிந்தது. வந்த சனம் போய்விட்டது. நான் உங்கள் கட்டிலில் இருந்து இதை எழுதுகிறேன். "ஃபோனுக்குச் சொல்லுங்கோ அம்மா, அது தானாத் தமிழிலை எழுதும்," என்று மகள் ஆரணி சொன்னாள். ஃபோனுக்குச் சொல்லுகிற விசயம் இல்லை இது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நீங்கள் எட்டாம் வகுப்பு. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை உங்களுக்கு எப்போதும் இருந்தது.

அந்த அட்டை கிடைத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆரணி வேலை எடுத்த முதல் வருசம். கடலின் அடியில் இருந்து எடுத்த கப்பல் சாமான்களை டவுன்ரவுணில் ஒரு பெரிய மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் அந்தக் கப்பலில் போன ஒரு ஆளின் பெயர். சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு சுவர் இருக்கும். தப்பினவர்களின் பெயர் ஒரு பக்கம், செத்தவர்களின் பெயர் மற்றப் பக்கம். எங்கள் அட்டைக்காரர் எந்தப் பக்கம் என்று நாங்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

"இதென்னடி விளையாட்டு?" என்று கேட்டீர்கள்.

"கேம் இல்லை மாமி. அப்பத்தானே அவையளை மனுசரா யோசிப்பம்."

உங்களுக்குக் கிடைத்தது ஒரு பெண்ணின் பெயர். ஆரணி வாசித்துச் சொன்னாள்: மூன்றாம் வகுப்பு, தனியாகப் போகிறவள், முன்னமே போய்விட்ட புருசனிடம் போய்ச் சேரப் போகிறவள். எனக்குக் கிடைத்தது யாரோ ஒரு சமையல்காரன்.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கோப்பைகள் இருந்தன. இத்தனை வருசம் கடலுக்குள் கிடந்தும் ஒரு வெடிப்பு இல்லை. "பார், ரெண்டரை மைல் கீழை போயும் உடையேல்லை. உன்ரை கையிலை குடுத்தால் ஒரு கிழமை தாங்காது," என்றீர்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மனுசி, விளங்காமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அதற்கு அடுத்த அறையில் ஐஸ் மலை. தொட்டுப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். எல்லாரும் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்தார்கள். நீங்கள் எடுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து அதில் ஒட்டிவைத்தபடி நின்றீர்கள். பின்னால் சனம் வந்துவிட்டது. நான் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்கடை கடல் இப்பிடிக் குளிராது, என்ன?" என்று கேட்டீர்கள்.

"இல்லை மச்சாள்."

"வாடைக் காத்துக்கும்?"

"வாடைக்கும் இப்பிடி இல்லை."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தீர்கள்.

கடைசியில் சுவர் வந்தது. நான் என் சமையல்காரனைத் தேடினேன். செத்த பக்கம் இருந்தான். முன்பின் அறியாத மனுசன், இருந்தும் அவன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நிற்கிறீர்கள்.

"மாமி, ஒரு செக்கன். நான் பாத்துச் சொல்லுறன்," என்று ஆரணி அட்டையைக் கேட்டாள்.

நீங்கள் அதைக் கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்தீர்கள். "வேண்டாம். உந்தப் பிள்ளை புருசனிட்டைப் போக வெளிக்கிட்டவள். போய்க்கொண்டு இருக்கட்டும்."

அன்றைக்கு ரெயினில் வரும்போது ஆரணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அண்ணையைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நீங்கள், அண்ணையோடு இருந்தது எட்டு மாதம். அண்ணை இல்லாமல் என்னோடு இருந்தது முப்பது வருசத்துக்கு மேல். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் அண்ணை வள்ளத்தில் இந்தியாவுக்கு வெளிக்கிட்டார். அங்கிருந்து எப்படியாவது வெளிநாடு போய் உங்களைக் கூப்பிடுவது என்பது திட்டம். ஏழெட்டுப் பேர் போன வள்ளம். அக்கரையில் ஏறவில்லை, இக்கரைக்கும் திரும்பவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் ஆறு மாதத்தில், ஒரு வருசத்தில் மனதைத் தேற்றிக்கொண்டு எல்லாக் கிரியையும் செய்து முடித்தார்கள். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். "பிரேதம் காணாமல் நான் பொட்டை அழிக்கமாட்டன்," என்று அம்மாவுக்கு முன்னால் நின்று சொன்னீர்கள். உங்களுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

நான் கலியாணம் முடித்துக் கனடா வந்து இரண்டு வருசத்தில் நீங்களும் வந்து சேர்ந்தீர்கள். எங்கள் மல்வேர்ன் வீட்டில் பின் அறை உங்களுடையதானது. ஆரணி பிறந்த பிறகு அவளை வளர்த்தது பாதி நீங்கள். பிறகு இரண்டு பேரும் அந்த வேர்ஹவுஸ் வேலைக்குப் போனோம். சனம் கழித்துக் கொடுக்கிற உடுப்பும் சப்பாத்தும் மூட்டை மூட்டையாக வரும். எங்களுக்குச் சப்பாத்து மேசை. சோடி பார்த்து இறப்பர் வளையம் போட்டுத் தொட்டிக்குள் போட வேண்டும். ஒற்றையாக வருவது குப்பை. அதுதான் அங்கே சட்டம்.

நீங்கள் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மதிக்கவில்லை. மேசைக்குக் கீழே வாழைப்பழப் பெட்டி ஒன்று வைத்து, ஒற்றைகளை அதற்குள் சேர்த்தீர்கள். சூப்பர்வைசர் பிலிப்பீன்ஸ் மனுசி வந்து, "நோ பெயார், கார்பேஜ்!" என்று, சோடி இல்லாததைக் காட்டிக் கத்துவாள். நீங்கள் தலை நிமிராமல், "வெயிற், வெயிற். அதர் வன் கமிங்," என்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த இங்கிலிசில் பாதி அந்த மேசையில்தான் செலவானது. சில நேரம் வரவும் செய்தது. ஒரே வீட்டுக்காரர் இரண்டு மூட்டையாகக் கொடுத்திருப்பார்கள், மற்றது பத்து நாள் கழித்து வரும். அன்றைக்கு நீங்கள் அந்தச் சோடியைத் தலைக்கு மேலே தூக்கி அவளுக்குக் காட்டுவீர்கள். அவளும் கடைசியில் பழகிவிட்டாள். "உன் பெட்டி நிறைந்துவிட்டது, வேறு பெட்டி எடு," என்று அவளே சொல்லுகிற அளவுக்கு வந்தது.

அந்தப் பெட்டி எட்டு மணித்தியாலமும் என் காலில் இடித்துக்கொண்டு இருந்தது, மச்சாள்.

கப்பல் கதை வீட்டுக்குள் வந்தது ஆரணி ஆறாம் வகுப்புப் படிக்கும்போது. பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை செய்யச் சொல்லி, லைப்ரரியில் இருந்து பெரிய படப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தாள். நீங்கள் புட்டு அவித்துக்கொண்டு நின்றீர்கள். நான் தேங்காய் துருவினேன். அவள் குசினி மேசையில் இருந்து வாசித்து வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். எத்தனை பெரிய கப்பல், எப்படி ஐஸில் அடித்தது, எத்தனை பேருக்குப் படகில் இடம் இல்லாமல் போனது. மிதந்த பிரேதங்களைக் கப்பல் விட்டு எடுத்து, கனபேரை இங்கே கனடாவில், ஹலிஃபாக்ஸில்தான் தாட்டிருக்கிறார்கள் என்றாள். பெயர் தெரியாதவர்களுக்குக் கல்லில் வெறும் இலக்கம்.

"இலக்கமாவது இருக்கே," என்றீர்கள்.

பிறகு ஒரு படத்தைக் காட்டினாள். கடலின் அடி மண்ணில் ஒரு சோடிச் சப்பாத்து, பக்கத்தில் பக்கத்தில். வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் கையைத் துடைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தீர்கள். ஆரணி புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முதலே நீங்கள் சொன்னீர்கள்: "உது ஆள் போட்டிருந்தது. சும்மா விழுந்தது எண்டால் சோடி பிரிஞ்சிருக்கும்."

"எப்பிடி மாமி தெரியும்? அப்பிடித்தான் போட்டிருக்கு. ஆள் கரைஞ்சு போச்சாம், எலும்பும் போச்சாம். பதப்படுத்தின தோல்தான் மிச்சமாம்."

"நான் ஒரு நாளைக்கு எத்தினை சோடி பாக்கிறன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனீர்கள்.

ஆரணி விடவில்லை. கண்டுபிடித்த கதைக்கு வந்தாள். "முதல் போனவை எல்லாரும் கப்பலைத்தான் தேடினவை மாமி. அவ்வளவு பெரிய சாமான், ஈஸியாக் கிடைக்கும் எண்டு. கிடைக்கேல்லை. பிறகு போனவை யோசிச்சவை, தாழேக்கை சாமான் எல்லாம் சிந்திக்கொண்டுதானே போயிருக்கும், சிந்தினதைத் தேடுவம் எண்டு. கமராவைக் கீழை இறக்கி இழுத்துக்கொண்டே திரிஞ்சவை. முதல்லை ஒரு பொயிலர் தெரிஞ்சது. அதைப் பிடிச்சுக்கொண்டு போக, கப்பல்."

"எத்தினை வருசத்துக்குப் பிறகு?"

"எழுபத்து மூண்டு."

புட்டுக் குழலைக் கையில் பிடித்தபடி நின்றீர்கள். ஆவி உங்கள் கையில் அடித்தது உங்களுக்குத் தெரியவில்லை.

"எழுபத்து மூண்டு வருசம் விடாமல் தேடியிருக்கிறாங்கள்," என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியோ? சிந்தினதுதான் சாட்சி. எங்களுக்கு ஒரு பலகைத் துண்டு வரேல்லை. இடுப்பிலை கட்டின ஒரு சாரம் வரேல்லை. அவரின்ரை எண்டு ஒண்டு, ஒரே ஒண்டு கரைக்கு வந்திருந்தால் நான் நம்பியிருப்பன்," என்றீர்கள்.

"ஓம் மச்சாள்," என்றேன்.

அந்த "ஓம்" பொய், மச்சாள். வந்தது.

அண்ணை போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மணற்காட்டுக் கடற்கரைப் பக்கம் சாமான் ஒதுங்கியிருக்கிறது என்று யாரோ ஐயாவுக்குச் சொன்னார்கள். உங்களுக்குச் சொல்லாமல் ஐயா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மீன்பிடிக்கிற ஒருவர் தன் கொட்டிலுக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தார். ஒரு எண்ணெய்க் கலன், இரண்டு பலகை. அவை யாருடைய வள்ளத்தினதாகவும் இருக்கலாம். அவற்றோடு இறப்பர் செருப்பு ஒன்று. இடக்கால். அதன் வார் அறுந்து, நீல நைலோன் நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டு நான் கட்டினது. அண்ணை வெளிக்கிடுகிறதுக்கு முதல் நாள், "புதுசு வாங்கக் காசில்லை, கட்டித் தாடி," என்று தந்தார். கட்டி, பல்லால் நூலைக் கடித்துவிட்டுக் கொடுத்தேன்.

என் முகத்தைப் பார்த்து ஐயா விளங்கிக்கொண்டார். வரும்போது சைக்கிளை நிற்பாட்டி, பனங்கூடலுக்குள் காலால் மண்ணைக் கிண்டி, அதைத் தாட்டார். எனக்கு அழுகை வந்தது. ஐயா அழவில்லை. "ஒத்தைச் செருப்பை வைச்சுக்கொண்டு, அந்தப் பிள்ளையின்ரை தாலியைக் கழட்டச் சொல்லுவியே?" என்று கேட்டார். பிறகு, "வள்ளத்திலை ஏறேக்கை கழண்டு விழுந்திருக்கும். எத்தினை பேருக்கு விழுறது," என்றார். அவர் அதை எனக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ தெரியாது. அம்மாவுக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். ஐந்து வருசத்தில் ஐயாவும் போய்விட்டார், பிறகு அம்மாவும். உலகத்திலேயே அதைத் தெரிந்த ஒரே ஆளாக நான் மிஞ்சினேன்.

ஐயாவின் சத்தியம் என்று சொல்லித் தப்பப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஐயா செத்த பிறகு அந்தச் சத்தியம் என்னைப் பிடித்துவைக்கவில்லை. வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓடின அந்த வவுனியா மனுசனை நினைத்துப் பாருங்கள். மனுசி செத்து, இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். நல்ல மனுசன், ஒரு சொல் பிழையாகக் கதைக்காதவர். உங்களைக் கேட்டு என்னிடம்தான் தூது விட்டார். நான் வந்து சொன்னேன். நீங்கள் ஒருநாள் முழுக்க யோசித்தீர்கள். அது எனக்குத் தெரியும், அன்றைக்கு நீங்கள் மேசையில் இரண்டு இடக்கால் சப்பாத்தைச் சோடியென்று கட்டினீர்கள். அடுத்த நாள் பஸ்ஸில் சொன்னீர்கள்: "நல்ல ஆள்தான். ஆனால் உன்ரை அண்ணை வந்து நிண்டால் நான் என்ன சொல்லுறது?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் விட்டதற்கு இரண்டு காரணம். நீங்கள் போய்விட்டால் ஆரணியை யார் பார்ப்பார்கள், பின் அறையில் யார் இருப்பார்கள் என்பது ஒன்று. அது சுயநலம், ஒளிக்கவில்லை. மற்றது, நான் வாய் திறந்தால் அந்த நிமிசத்தில் அண்ணை செத்துவிடுவார். நீங்கள் ஒருவர் நம்பிக்கொண்டு இருந்ததில்தான் அவர் எனக்கும் உயிரோடு இருந்தார். உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நானும் கொஞ்சம் குளிர்காய்ந்தேன்.

அந்தப் படப் புத்தகத்துக்குப் பிறகு எழுபத்து மூன்று வருசம் என்பது உங்கள் இலக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஐப்பசியும், "இன்னும் அறுபது கிடக்கு," "இன்னும் அம்பத்தொண்டு," என்று பகிடி மாதிரிச் சொல்லுவீர்கள். பகிடி இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு கலியாண வீட்டில் அந்த வாய்க்காரி அன்ரி உங்கள் நெற்றியைப் பார்த்து, "மனுசனைக் காணேல்லை, பொட்டு மட்டும் நல்ல பெரிசா இருக்கு," என்று சொன்னாவே. நீங்கள் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னீர்கள்: "உங்கடை மனுசன் வீட்டிலை இருந்தும் காணேல்லை எண்டு நீங்கள்தான் எல்லாரிட்டையும் சொல்லித் திரியிறியள். என்ரை மனுசனைக் காணேல்லை எண்டு நான் ஆரிட்டையும் சொன்னதில்லை." அந்த மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம். ஜன்னலால் வெயில் வந்துகொண்டிருந்தது. டொக்டர் இனி ஒன்றும் செய்ய இல்லை என்று சொல்லி இரண்டு நாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று நினைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் இருந்தேன்.

"மச்சாள், அண்ணையின்ரை விசயம் ஒண்டு. கனகாலமாச் சொல்லவேணும் எண்டு..."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நல்ல தெளிவாகத்தான் பார்த்தீர்கள். பிறகு, "பேந்து சொல்லு. தேத்தண்ணி ஆறப்போகுது, ஊத்து," என்றீர்கள்.

ஃபிளாஸ்கில் இருந்து ஊற்றினேன். இரண்டு மிடறு குடித்தீர்கள். "பேந்து" என்று நீங்கள் சொன்ன அந்தப் பிறகு வரவேயில்லை. விடிய ஆறு மணிக்குப் போய்விட்டீர்கள்.

ஒரு மாதமாக நான் இதைத்தான் உருட்டிக்கொண்டு இருக்கிறேன். உண்மையாகவே தேத்தண்ணி வேணும் போல இருந்ததா? அல்லது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டினது போல எனக்கும் முதுகைக் காட்டினீர்களா? எனக்குத் தெரியாது. தெரிந்துதான் இருந்தீர்கள் என்று நினைத்தால் எனக்கு நித்திரை வரும். அதனாலேயே அப்படி நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் போன அன்று மத்தியானம் மரண அறிவித்தல் எழுதுகிற தம்பி ஃபோன் எடுத்தார். ஊர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, "கணவர் இருக்கிறாரோ அன்ரி, காலஞ்சென்றவரோ?" என்றார்.

"அவர் வள்ளத்திலை போய்க் காணாமல் போனவர் தம்பி."

"அது விளங்குது அன்ரி. ஆனால் வசனம் அப்பிடித்தான். இருக்கிறார் எண்டால் வெறும் பேர். இல்லையெண்டால் முன்னுக்குக் 'காலஞ்சென்ற'. நடுவிலை போட ஒரு சொல்லும் இல்லை."

யோசித்துச் சொல்லுகிறேன் என்று வைத்தேன். அடுத்ததாகப் பிரேதம் உடுத்துகிற பெண் கேட்டாள்: கூறைச்சேலையோ, வெள்ளையோ? பொட்டு வைக்கிறதோ, இல்லையோ? முப்பத்து நாலு வருசம் ஒருவரும் முடிக்காத கதையை முடிக்கச் சொல்லி எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். எங்கள் இவர், ஆரணியின் அப்பா, "உன்ரை அண்ணை, உன்ரை மச்சாள். நீ சொல்லுறதுதான்," என்று ஒதுங்கிவிட்டார்.

அந்தப் பிரேதசாலையின் கார்ப் பார்க்கில், காருக்குள் இருந்து, ஆரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, நீல நூல், பனங்கூடல், ஃபோர்க்லிஃப்ற்காரர், எல்லாம். என் வாழ்க்கையில் முதல் தரம் அதைச் சத்தமாகச் சொன்னது. அவள் ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி கேட்டாள்.

"முப்பத்து நாலு வருசம், அம்மா. மாமி ஒரு லைஃப் வைச்சிருக்கலாம். பிள்ளையள் இருந்திருக்கும். யு நியூ. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஓம்."

"ஓமோ? அவ்வளவுதானோ?"

"வேறை என்னடி சொல்ல? ஓம்."

அவள் ஸ்ரியறிங்கில் இருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அப்ப காலஞ்சென்ற எண்டு போடச் சொல்லுங்கோ. அதுதானே ட்ரூத். இப்பவாவது சொல்லுங்கோ," என்றாள்.

நியாயமான கதை. எனக்கும் அப்படிச் சொன்னால் பாரம் இறங்கும் போல இருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "உண்மை எனக்குத் தெரிஞ்சது. அவவுக்குத் தெரிஞ்சது வேறை. இது என்ரை செத்தவீடில்லை, அவவின்ரை செத்தவீடு."

அவள் காரை எடுத்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை எழும்பிப் பார்த்தால், அயன் போட்டில் உங்கள் கூறைச்சேலையை விரித்து, சரிகையில் சூடு படாமல் வெள்ளைத் துணி போட்டு, மெதுவாக அழுத்திக்கொண்டு நிற்கிறாள்.

அறிவித்தலில் வெறும் பெயர்தான் வந்தது, மச்சாள். அண்ணையின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் இல்லை. கூறைச்சேலையில் படுத்திருந்தீர்கள். பொட்டை நான்தான் வைத்தேன். பெரிதாகவே வைத்தேன். நெற்றி அந்த ஐஸ் போல இருந்தது. கையை எடுக்க எனக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த வாய்க்காரி அன்ரியும் வந்து உங்கள் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனா.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்று அந்திரட்டியில் ஐயர் பிண்டம் வைத்து, முன்னால் போனவர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். ஐயா பெயர், அம்மா பெயர் சொன்னோம். "வேறை ஆரும்?" என்றார். நான் பின்னால் பாயில் இருந்தேன். எழும்பி முன்னுக்குப் போய் அண்ணையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். எங்கள் இவர் திரும்பிப் பார்த்தார். ஆரணி தலையைக் குனிந்தாள்.

"எப்ப மோசம் போனவர் அம்மா? திதி வேணுமே," என்றார் ஐயர்.

ஐப்பசி என்று சொல்லியிருக்கலாம். மணற்காட்டுக்குப் போன நாளைச் சொல்லியிருக்கலாம். எல்லாம் எனக்குப் பாடம்.

"இண்டைக்கு எண்டு வையுங்கோ ஐயா," என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். வயதான மனுசன், எத்தனை வீட்டைப் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்காமல் இன்னொரு பிண்டம் பிடித்து உங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆகவே கணக்கு இதுதான் மச்சாள். அண்ணை உங்களுக்குப் பிறகு முப்பத்தொரு நாள் உயிரோடு இருந்தார். நீங்கள் ஒரு நாளும் கைம்பெண்ணாக இருக்கவில்லை. நான் உங்களுக்குச் செய்ததற்கு இது ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ற் ஓடின அந்த மனுசன் இப்போது பிறம்ரனில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாராம். அவர் செத்தவீட்டுக்கு வந்து, பின்வரிசையில் இருந்துவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் போனார். அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இனி உங்களுக்கு ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது ஆரணி வந்து கதவடியில் நிற்கிறாள். என் மடியில் அட்டையைக் கண்டுவிட்டாள். "அம்மா, அந்தப் பேரை இப்ப ஃபோனிலையே பாக்கலாம். ரெண்டு செக்கன். பாக்கட்டோ?" என்று கேட்டாள். அந்தப் பெண் புருசனிடம் போய்ச் சேர்ந்தாளா என்று எனக்கும் தெரிய வேண்டும் போல இருந்தது.

முப்பத்து நாலு வருசம் உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு உங்கள் பக்கத்தில் இருந்தேன். இனி உள்ள காலத்துக்கு, நீங்கள் தெரிய வேண்டாம் என்று விட்ட ஒன்றை நானும் தெரியாமல் வைத்திருக்கிறேன். "வேண்டாம், அவள் போய்க்கொண்டு இருக்கட்டும்," என்று சொல்லி, அட்டையைக் கராம்புப் போத்தலுக்குக் கீழே வைத்து, சிப்பை இழுத்துவிட்டேன்.